ஆறு எலுமிச்சம்பழமும் ஓர் எட்டும்

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் போனில் பேசி, மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்கள் பயப்படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பெங்களூரில் லிஃப்ட்டுக்குப் பஞ்சமில்லை, மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஹெப்பகோடியில் ஏதோ ஒரு குடியிருப்பில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் பெட்டி நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மணி என் மேசையில் அடிக்கும். "பயப்படாதீங்க சார். காத்து உள்ள வந்துட்டேதான் இருக்கும். கதவைத் தள்ளாதீங்க. தரையில உக்காந்துக்குங்க" என்று தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் சொல்வேன். என் குரலைக் கேட்டதும் கொட்டாவி வந்துவிட்டதாக ஒரு அம்மாள் பாராட்டியிருக்கிறார்.

அந்தக் குரல் தொண்டையோடு சரி. அதற்குக் கீழே இறங்கியதே இல்லை. எங்கள் அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. பதினாறு வருடமாகப் படியில்தான் ஏறுகிறேன். சப்போட்டாக் கொட்டையைத் தெரியாமல் விழுங்கிவிட்டு மூன்று நாள் வயிற்றைத் தடவிக்கொண்டு திரிந்தவன் நான். மனைவி வேலையிலிருந்து வர பத்து நிமிடம் தாமதமானபோது இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்து, மூன்றாவதற்கு நம்பர் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் கையில் கொத்தமல்லிக் கட்டோடு உள்ளே வந்தாள். "யாரு ஆஸ்பத்திரில இருக்காங்க?" என்று கேட்டாள். "நீதான்" என்றேன்.

பக்கத்து மேசைக்காரர் ஆம்பூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என் லட்சணம் தெரிந்து அவர்தான் ஒரு வீடியோவை அனுப்பினார். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் கிரேக்க தேசத்திலும் ரோமாபுரியிலும் ஸ்டோயிக் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், கையில் இருப்பதை ஒழுங்காகச் செய், மற்றதற்கு அலட்டிக்கொள்ளாதே என்பது அவர்கள் கட்சி. விவேகம், தைரியம், நியாயம், அடக்கம் என்ற நான்கு குணங்கள் இருந்தால் போதும், மனிதன் சௌக்கியமாக இருப்பான் என்றார்கள். எனக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாததால், எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் லாபம்தான் என்று தோன்றியது.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'என் கையில்', வலது பக்கம் 'என் கையில் இல்லை'. முதல் வாரத்திலேயே வலது பக்கத்துக்குத் தாள் போதவில்லை. இடது பக்கத்தில் 'பல் தேய்ப்பது' மட்டும் இருந்தது.

காலையில் எழுந்ததும் அன்றைக்கு நடக்கக்கூடிய மோசமான விஷயங்களைக் கொஞ்ச நேரம் கற்பனை செய்து பார்க்க வேண்டும், அப்போது எது வந்தாலும் அதிர்ச்சி இருக்காது என்று ஒரு பயிற்சி உண்டு. பத்து நிமிடம் போதும் என்று வீடியோவில் சொன்னார்கள். அது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. எனக்கு இந்தத் துறையில் நாற்பத்தெட்டு வருட அனுபவம். கண்ணை மூடி உட்கார்ந்தேன். கேஸ் சிலிண்டரில் ஆரம்பித்து, மெட்ரோ தூண், மூளைக்காய்ச்சல், வேலை போவது, அலுவலகக் கட்டடமே உட்காருவது என்று போய், அண்டார்ட்டிகாவில் பனி உருகும் இடத்துக்கு வந்தபோது மணி ஒன்பதே கால். பஸ் போய்விட்டது. கற்பனை செய்யாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

அடக்கத்துக்காகத் தண்ணீரைச் சூடு பண்ணாமல் குளித்தேன், டிசம்பரில். உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மனைவி கதவைத் தட்டினாள்.

"கீசர் போயிடுச்சா?"

"இல்ல. பயிற்சி."

"ஓ. அப்ப உங்க வெந்நீரையும் சேத்து நானே எடுத்துக்கறேன்" என்றாள். அன்று முதல் எடுத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ஆஸ்டின் டவுனிலேயே ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ரத்தம் எடுக்கிறாள். நரம்பே தெரியாத பருத்த கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். எதிரில் இருப்பவர் கத்தினாலும், மயங்கினாலும், "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிடுவாள். ஜன்னல் இல்லாத அறை. போன வருடக் கடைசியில், காலை நேரத்தில் வீடுகளுக்கே போய் ரத்தம் எடுத்துவர ஓர் ஆள் வேண்டும் என்று அங்கே பேச்சு வந்தது. ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்கு முடிந்துவிடும். ஒரே நிபந்தனை, சொந்தமாக ஸ்கூட்டர் ஓட்டத் தெரிய வேண்டும், லைசன்ஸ் வேண்டும்.

"பன்னெண்டு வருஷமா கையத்தான் பாத்துட்டு இருக்கேன். மூஞ்சியக்கூட பாக்க நேரமில்ல. வெளிய போய் ஊரப் பாக்கணும்" என்றாள். இதைத் தவிர அவள் என்னிடம் எதையும் இப்படி ஆசைப்பட்டுக் கேட்டதாக நினைவில்லை. நாற்பத்தைந்து வயதில் எல்.எல்.ஆர். எடுத்தாள்.

அதாவது, ஆறு மாதத்துக்குப் பழகிக்கொள்ளலாம், பின்னால் லைசன்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான். எங்கள் சாம்பல் நிற ஸ்கூட்டரில் அவள் முன்னால், நான் பின்னால். பின் சீட்டில் பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும். என் வலது காலுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருக்கும். வாய் அதற்குத் துணை. "பஸ்ஸு! பஸ்ஸு! லெப்ட்ல நாய்! ரைட்ல ஆட்டோ! ஐயோ, ஸ்பீட் பிரேக்கர்! அம்மா, மாடு!"

"மாடு அடுத்த தெருவுல நிக்குதுங்க" என்பாள்.

"அது இங்க வந்தா?"

ஐந்தரை மாதம் இப்படிப் போயிற்று. நேர் ரோட்டில் நன்றாகவே ஓட்டினாள். டெஸ்ட்டில் எட்டு போட வேண்டும், தரையில் வரைந்த எட்டின் மேல் காலை ஊன்றாமல் ஓட்டிக்காட்ட வேண்டும். அது மட்டும் வரவில்லை. இரண்டு வட்டமும் சேரும் இடத்தில் கால் இறங்கிவிடும். டெஸ்ட்டுக்கு வியாழக்கிழமை கிடைத்திருந்தது. எல்.எல்.ஆர். வெள்ளிக்கிழமை முடிகிறது. வீட்டுக்குப் போய் எடுக்கும் வேலையைச் சனிக்கிழமைக்குமேல் பிடித்துவைக்க முடியாது, வேறு பெண் தயாராக இருக்கிறாள் என்று அவளுடைய மேடம் சொல்லிவிட்டார். ஆக வியாழன் தப்பினால், திரும்ப ஜன்னல் இல்லாத அறைதான்.

என் தாளில் 'அவள் பாஸாவது' என்பதை வலது பக்கம் எழுதினேன். 'என் வாய்' என்று இடது பக்கம் எழுதினேன். எழுதியதற்கே வியர்த்தது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு முட்டுச் சந்து. நடுவில் ஓர் இடம் மட்டும், பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்ததால், அகலமாக இருக்கும். சந்தின் கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் வீடு. ஆட்டோ சுவரோரம் நிற்கும். அந்த அகலமான இடத்தில் கோலமாவால் பெரிய எட்டு போட்டேன். ஓரங்களில் அடையாளத்துக்கு ஏதாவது வைக்க வேண்டும். செங்கல் வைத்தால் இடித்து விழுவாள். முன்பு ஒருமுறை செருப்புகளை வைத்ததில், ஒன்றை நாய் கொண்டுபோயிற்று. நாய் தொடாதது, சக்கரம் ஏறினாலும் ஆபத்தில்லாதது, தூரத்திலிருந்தும் கண்ணில் படும் நிறம் என்று யோசித்து, ஃபிரிட்ஜிலிருந்து ஆறு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து எட்டைச் சுற்றி வைத்தேன். விவேகம் என்ற குணத்தில் அன்றைக்கு எனக்கு நானே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை ஓட்டினாள். பத்துச் சுற்றில் ஏழு தடவை கால் கீழே. நான் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு நின்றேன். "டிபன் சாப்ட்டு வந்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டறேன்" என்று அவள் வண்டியை நிறுத்தினாள். எட்டையும் பழங்களையும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனோம்.

அன்று அமாவாசை. தினமும் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுகிறவன், முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது இட்லியில் வெளியே கூச்சல் கேட்டது. நான் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சந்து வாயில் ஏழெட்டுப் பேர். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். எட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டோவுக்கு முன்னால், காக்கிச் சட்டையோடு ஆட்டோக்காரர் நிற்கிறார். அவர் இந்தப் பக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

"அமாவாச அன்னிக்கு எவன்டா வெச்சது இத?" என்று ஆட்டோக்காரர் அங்கிருந்தே கத்தினார். "எட்டு மணிக்கு எனக்கு ஸ்டேஷன் சவாரி. இதத் தாண்டி எப்படிப்பா வண்டி எடுக்கறது? நம்மள பொழைக்க வெக்கற வண்டிப்பா இது!"

"கொள்ளேகால் மந்திரவாதி வேலையாட்டம் கீது" என்றார் ஒருவர்.

தையல்கடை பாய் எட்டிப் பார்த்து, பின்வாங்கினார். "அரே, யாரும் கை வெக்காதீங்க. நக்கோ நக்கோ."

எனக்குள் நான்கு குணங்களும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தன. நியாயம் 'நான்தான் வைத்தேன் என்று சொல்' என்றது. தைரியம் 'நாளைக்குச் சொல்லலாம்' என்றது. அடக்கம் 'கூட்டத்தில் நாமாக முந்திக்கொண்டு பேசுவது அழகல்ல' என்றது. விவேகம் என்னைச் சுற்றிலும் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு சேர்ந்து நிற்கச் சொன்னது. சேர்ந்து நின்றேன். நின்றதோடு விட்டிருக்கலாம். பக்கத்திலிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தலையை ஆட்டி, "கலி முத்திப் போச்சுங்க" என்றேன்.

அப்போது என் மனைவி ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணா, கோலத்துக்கு அந்தாண்டயே நிக்கறீங்க?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டாள்.

"கோலமா? யாரோ மந்திரிச்சு வெச்சிருக்காங்கம்மா!"

"அது எட்டுண்ணா. நான் வண்டி ஓட்ட போட்டது. வியாழக்கிழம டெஸ்ட்டு."

"எட்டு சரி. எலுமிச்சம்பழம் எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த ஐடியா இவரோடது" என்றாள்.

பக்கத்திலிருந்தவர் மெதுவாக என்னிடம், "இப்பத்தான கலி முத்திப் போச்சுன்னீங்க?" என்றார்.

"பொதுவா சொன்னேன்" என்றேன்.

ஆட்டோக்காரர் இடுப்பில் கை வைத்தார். "சரிண்ணா. உங்களுதுன்னா உங்க கையாலயே எடுங்க. பாக்கலாம்."

நியாயமான கோரிக்கை. போனேன். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் போட்டுக்கொண்டே வந்தேன். நான்கு, ஐந்து, ஆறு. நிமிர்ந்தால், எட்டின் நடு முடிச்சில் இன்னொன்று இருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரியது.

"நான் ஆறுதான் வெச்சேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் மொத்தமும் ஒரு அடி பின்னால் போயிற்று. பாய் இரண்டு அடி போனார்.

என் சட்டையில் ஆறு, தரையில் ஒன்று, தலைக்குள் ஆயிரம். அலுவலகக் குரலை வரவழைத்து, 'பயப்படாதீங்க சார், தரையில உக்காந்துக்குங்க' என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தத் தரையில் எப்படி உட்காருவது?

என் மனைவி நேரே நடந்து வந்து ஏழாவது பழத்தை எடுத்து, மோந்து பார்த்தாள். "நம்ம பழத்தவிட நல்லா இருக்கு" என்றாள்.

ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது. "அது நான் போட்டதுக்கா. இது யாரு பேருல வெச்சதோன்னு, எதுக்கும் இருக்கட்டும்னு எங்க வீட்டுப் பழத்தால இவர மூணு வாட்டி சுத்தி நடுவுல வீசினேன்."

"ஏன்டி, நீதானா?" என்று ஆட்டோக்காரர் திரும்பினார். "என்ன சுத்திட்டு அதையும் சேத்தா வழியில போடுவ? அப்பறம் நான் எப்படிப் போறது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் மனைவி உள்ளே போய் ஏழு பழத்தையும் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு ஜக் நிறையக் கொண்டுவந்தாள். ஆனால் யாரும் கை நீட்டவில்லை. சிரிப்பு வேறு, குடிப்பது வேறு. முதல் டம்ளரை அவளே குடித்தாள். இரண்டாவதை என்னிடம் நீட்டினாள். கையில் இருப்பது எது என்று அவ்வளவு தெளிவாக எனக்கு அதற்கு முன் தெரிந்ததில்லை. குடித்தேன். அதன் பிறகு ஆட்டோக்காரரும் குடித்தார். மத்தியானம் முழுக்க எனக்கு வயிற்றில் என்னென்னவோ நடந்தது. ஆட்டோக்காரருக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதை வாசலில் நின்று நான்கு முறை பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் தாளில் எழுத உட்கார்ந்தபோது பேனா ஓடவில்லை. சிரிப்பெல்லாம் அடங்கியதும் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த மனிதருக்கு என்னால் நேரம் தாண்டி ஸ்டேஷன் சவாரி போயிற்று. நானோ கூட்டத்தில் நின்று, கலி முத்திப் போச்சு என்று தலையாட்டியிருக்கிறேன். பயந்ததற்கு வெட்கமில்லை, அது என் சுபாவம். தலையாட்டியது சுபாவமில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். சந்தில் முப்பது அடி தூரம். அதற்குள் மூன்று முறை திரும்பலாமா என்று நினைத்தேன்.

"காலையில நான்தான்னு அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது" என்றேன்.

அவர் துணியால் ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார். பிறகு, "ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார். விடுங்க, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லாமல் அதை மட்டும் சொன்னது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. துணியை உதறிவிட்டு, "அக்காவுக்கு எட்டு வரலியா?" என்று கேட்டார். மறுநாள் அவரே சாக்பீஸில் எட்டு வரைந்து கொடுத்தார்.

"கோட்டப் பாக்காதீங்கக்கா. அடுத்த வளைவு எங்க இருக்குதோ அங்க பாருங்க. டயரு அதும்பாட்டுக்கு வரும்" என்றார் அவளிடம். என்னிடம் திரும்பி, "நீங்க உள்ள போயிடுங்கண்ணா" என்றார்.

போனேன். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். புதன்கிழமை பத்துக்கு இரண்டு தடவைதான் கால் இறங்கியதாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மைதானத்தில் வரிசையாக முப்பது வண்டிகள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் எங்களைப் போன்ற துணைக்கு வந்தவர்கள். பரிசோதகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கன்னடத்தில் விதிகளைச் சொன்னார். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. கால் தரையில் பட்டால் அந்த வாய்ப்புப் போயிற்று.

என் மனைவியின் முறை வந்தது. "ஏனம்மா, ரெடியா?" என்றார். தலையாட்டினாள். நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதல் வட்டம் அழகாகப் போனாள். பல்லைக் கடித்தேன். முடிச்சுக்கு வந்தாள். வண்டி லேசாகச் சாய்ந்தது.

"ஐயோ!"

என்னுடையதுதான். மைதானத்தில் இருந்த காக்கைகள்கூடப் பறந்தன. அதே நொடியில் அவள் கால் தரையைத் தொட்டது. பரிசோதகர் ஒரு விரலைக் காட்டினார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஆரம்பக் கோட்டுக்குப் போனாள்.

இத்தனை மாதமாகத் தாளில் எழுதியதும், குளிர்ந்த தண்ணீரில் குளித்ததும் எதற்காக? இடது பக்கத்தில் எழுதியிருந்த ஒரே பெரிய காரியம் என் வாய். அதையும் விட்டுவிட்டேன். அங்கே நின்றால் மறுபடி கத்துவேன் என்பது நிச்சயமாகத் தெரிந்தது. வேலியை விட்டு நடந்து, டீக்கடைச் சுவருக்குப் பின்னால் போய் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல், பதினாறு வருடமாக மனப்பாடமாகிவிட்ட எண்ணை அழுத்தினேன். அது எங்கள் அலுவலகத்தின் அவசர எண்.

"வணக்கம், லிஃப்ட் உதவி. சொல்லுங்க, எங்க மாட்டிட்டு இருக்கீங்க?" பக்கத்து மேசைக்காரர்தான்.

"நான்தான் தலைவரே."

"நீங்களா? நீங்கதான் லிஃப்ட்லயே ஏற மாட்டீங்களே! எங்க?"

"லைசன்ஸ் டெஸ்ட் மைதானத்துல."

"அங்க எதுக்கு லிஃப்ட்டு?"

"லிஃப்ட் இல்ல. சும்மாதான். ரொம்ப பயமா இருக்கு."

கேலி வரும் என்று காத்திருந்தேன். ஆனால் வந்தது மேசைக் குரல். "பயப்படாதீங்க சார். காத்து உள்ள வந்துட்டேதான் இருக்கும்."

"வெட்டவெளி தலைவரே. காத்து பிச்சிக்கிட்டுப் போவுது."

"நல்லது சார். கதவைத் தள்ளாதீங்க."

"கதவே இல்ல."

"அப்ப தரையில உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"கூட குழந்தைங்க, வயசானவங்க யாராச்சும்?"

"ரெண்டும் நான்தான்."

"சரி சார். இப்ப மெக்கானிக் வேல பாத்துட்டு இருக்காங்க. அவங்க வேலய அவங்க பாக்கட்டும். நீங்க எந்தப் பொத்தானையும் அமுக்க வேணாம். லைன்லயே இருங்க. நானும் இருக்கேன்."

இந்த வாக்கியங்களை ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆச்சரியம், வேலை செய்தது. பயம் போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் ஓடும் சத்தம் கேட்டது. யாருடையது என்று எட்டிப் பார்க்கவில்லை. சத்தம் நின்றது. அப்போதும் பார்க்கவில்லை. இது நான் வேண்டுமென்றே செய்தது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் பெருமையாகச் சொல்ல வேறொன்றும் கைவசமில்லை.

சுவர் ஓரமாக ஹெல்மெட்டோடு அவள் வந்தாள்.

"இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? பேண்ட்டெல்லாம் மண்ணு."

"என்ன ஆச்சு?"

"பாஸ்" என்றாள். ரத்தம் எடுத்து முடித்தபின் பஞ்சை வைக்கும்போது 'அவ்ளோதான்' என்பாளே, அதே மாதிரி. ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண் நனைந்திருந்தது. உடனே மேடத்துக்குப் போன் செய்து, "சனிக்கிழம மொத வீடு எதுன்னு சொல்லுங்க மேடம்" என்றாள்.

என் கைப்போனில் இன்னும் லைன் இருந்தது. "சார், வெளிய வந்துட்டீங்களா?" என்றது குரல். "வந்துட்டேன்" என்றேன். "சேவையைப் பற்றி மதிப்பெண் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டேன்.

நாளைக்கு லைசன்ஸ் கைக்கு வரும்வரை எல் போர்டுதான், பின்னால் நான் உட்கார்ந்தாக வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் முடிவு செய்தேன், வீடு சேரும்வரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. காலையில் செய்த பாவத்துக்கு அதுதான் பிராயச்சித்தம். ஆனால் முதல் சிக்னலிலேயே கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் கத்தினதாலதான மொத வாட்டி கால் போயிடுச்சு?"

"எப்ப கத்தினீங்க?"

"ஐயோன்னு. மைதானமே திரும்பிப் பாத்துச்சே."

"ஹெல்மெட்டுக்குள்ள எனக்கு என் மூச்சுதான் கேட்டுச்சு. கோட்டப் பாத்துட்டேன், கால் போயிடுச்சு. ஆட்டோக்கார அண்ணன் அத்தன வாட்டி சொல்லியும்."

எனக்கு ஒரே நிம்மதி. கூடவே கொஞ்சம் ஏமாற்றமும்தான். என் கூச்சலுக்கு இருப்பதாக நான் நினைத்திருந்த சக்தியில் பாதிகூட அதற்கு இல்லை. எத்தனை பஸ்களை என் வாயால் நிறுத்தியதாக நம்பிக்கொண்டிருந்தேன்! அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அந்தந்த டிரைவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பச்சை விழுந்தது. அதன் பிறகு உண்மையாகவே வாயை மூடிக்கொண்டேன். இடது பக்கத்தில் ஒரு டெம்போ உரசுவதுபோல் வந்தது. பேசவில்லை. எதிரில் ஒருவன் தப்பான பக்கத்தில் வந்தான். கண்ணை மூடினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. அவள் இரண்டு முறை கண்ணாடியில் பார்த்தாள். வேகத்தைக் குறைத்தாள். கடைசியில் ரோட்டோரமாக நிறுத்தியே விட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பின்னாடி சத்தமே இல்ல. விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன். ஏதாச்சும் பேசிட்டே வாங்க."

"பேசினா உனக்குத் தொந்தரவுன்னுதான்..."

"தொந்தரவுதான். பழகிடுச்சு."

சரி என்று, வண்டி மறுபடி கிளம்பியதும் டீக்கடைச் சுவருக்குப் பின்னால் நடந்ததைச் சொன்னேன். அவசர எண்ணுக்குப் போன் போட்டதையும், வெட்டவெளியில் தரையில் உட்காரச் சொன்னதையும், குழந்தையும் வயசானவரும் நான்தான் என்று சொன்னதையும். முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பில் கை தளர்ந்து, வண்டி ஒரு பக்கமாக ஆடியது.

"ஐயோ! ரோட்டப் பாரு! பஸ்ஸு! பஸ்ஸு!"

"ஆங், இருக்கீங்க" என்று சொல்லி, வண்டியை நிமிர்த்தி, இண்டிகேட்டர் போட்டு எங்கள் தெருவுக்குள் திரும்பினாள்.